தனியே செய்த சபதமும் கூடிக் காத்த தெளிவும்

தாம்பரம் என்றவுடன் முதிய தலைமுறையினரின் நினைவுக்கு வருவது சானடோரியம். 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளருக்கென இங்கே மருத்துவ இல்லம் ஒன்றை நிறுவினார். அந்நாளில் காசநோய் என்னும் சொல்லையே வீட்டில் உரக்கச் சொல்ல அஞ்சினர். நோயுள்ள குடும்பத்தில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் தயங்கினர். ஆகவே நோயை மறைத்தனர். மறைத்ததனாலேயே அது வளர்ந்தது. 1986-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டபோது, அதே அச்சமும் அதே மறைப்பும் மீண்டும் தலைதூக்கின. அப்போதும் பிற இடங்களில் கதவடைக்கப்பட்ட பலரை ஏற்றுக்கொண்டது இந்தத் தாம்பரம் மருத்துவமனையே.

இவ்வாறு இருமுறை இவ்வூர் ஒரு பாடத்தைக் கற்றது. வெட்கத்தால் மூடிவைக்கப்படும் நோய் இருளில் செழிக்கும். வெளிச்சத்துக்கு வந்தால் அதற்கு மருந்தும் உண்டு, துணையும் உண்டு என்பதே அப்பாடம். இன்று நம் பங்குகளில், நம் தெருக்களில், சில வேளைகளில் நம் வீடுகளிலேயே மூடிவைக்கப்படும் மற்றொரு நோய் உண்டு. அதுவே குடிநோய்.

குற்றமா, நோயா?

குடிப்பவர் எல்லோரும் குடிநோயாளர் அல்லர். ஆனால் குடிப்பவருள் ஒரு பகுதியினருக்கு, தொடங்கிய பின் நிறுத்தும் ஆற்றல் அற்றுப் போகிறது. வேலை போகும் என்று தெரிந்தும், மனைவி மக்கள் அழுவதைக் கண்டும், ஈரல் கெட்டுவிட்டது என்று மருத்துவர் எச்சரித்தும் அவர்களால் நிறுத்த முடிவதில்லை. இது நோய் என்பதை 1956-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவச் சங்கம் ஏற்றுக்கொண்டது. நோய் என்று சொல்வதால் பொறுப்பு நீங்கிவிடாது. சர்க்கரை நோயுள்ளவர் நோய்க்குக் காரணர் அல்லர்; ஆயினும் மருந்துண்ணும் பொறுப்பு அவருடையதே. குடிநோயும் அத்தகையதே.

இந்நோயின் பரப்பு சிறியதன்று. அகில இந்திய மருத்துவக் கழகத்தின் போதைநோய்ச் சிகிச்சை மையம் நடத்தி, 2019-இல் மைய அரசு வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் மதுவுக்கு அடிமையானவர்கள். அவர்களுள் 38 பேரில் ஒருவரே எவ்வகையிலேனும் சிகிச்சை பெற்றதாகக் கூறினார். மற்ற 37 பேர் எங்கே? வீட்டுக்குள்ளே, குடும்பத்தின் மௌனத்துக்குள்ளே இருக்கின்றனர்.

சட்டம் மாறிமாறி வந்திருக்கிறது. 1937-இல் சேலத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டு, பின்னர் மீண்டும் வந்து, மீண்டும் விலகியது. 1983-இல் பிறந்த டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. கடைகள் குறைய வேண்டும் என்று கேட்பது நம் உரிமையும் கடமையும் ஆகும். ஆனால் கடை மூடப்படும் நாள்வரை நம் வீட்டு நோயாளர் காத்திருக்க இயலுமா?

சபதம் ஏன் முறிகிறது?

நம் குடும்பங்கள் முதலில் நாடுவது சபதத்தை. தவக்காலம் தொடங்கியதும் நாற்பது நாள் குடிக்கமாட்டேன் என்று நேர்ந்துகொள்கிறார். ஆகஸ்டில் காவியுடை அணிந்து வேளாங்கண்ணிக்கு நடக்கிறார், அல்லது பெசன்ட் நகர் அன்னையின் கொடியேற்றம் முதல் திருவிழா முடியும்வரை விரதம் காக்கிறார். அந்நாள்களில் வீடு வீடாக இருக்கிறது; பிள்ளைகள் அப்பாவின் அருகில் அமர்ந்து உண்கின்றனர். ஆனால் உயிர்ப்புப் பெருவிழாவன்று மாலையே பழைய கதை திரும்புகிறது. மனைவியின் நெஞ்சு இருமடங்கு உடைகிறது. ‘கடவுளுக்குக் கொடுத்த வாக்கையே காக்காதவர் எனக்கா காப்பார்?’ என்று அவள் சோர்ந்து போகிறாள்.

அந்தச் சபதம் பொய்யன்று. செய்த வேளையில் அவர் உள்ளம் உருகியே செய்தார். நாற்பது நாள் காத்ததே அவ்விருப்பத்திற்குச் சான்று. குறை எங்கே எனில், அவர் அதைத் தனியே சுமந்தார். ஒரு முடிவு நாளைக் குறித்துக்கொண்டு சுமந்தார். அந்நாள் வந்ததும் சுமையை இறக்கிவைத்தார். அவருக்குத் தேவைப்பட்டது நாற்பது நாளுக்கான வீரம் அன்று. இன்று ஒரு நாளுக்கான துணை, நாளைக்கும் கிடைக்கக்கூடிய துணை.

அயர்லாந்தின் டப்ளின் நகரத் தொழிலாளி மாட் டால்பட்டின் வாழ்வை நோக்குவோம். 1856-இல் பிறந்த அவர் சிறுவயதிலேயே குடிக்குப் பழகி, கூலி முழுவதையும் மதுக்கடையில் தொலைத்தவர். 1884-இல், தம் 28-ஆம் வயதில், குரு ஒருவர் முன்னிலையில் குடிப்பதில்லை என்று வாக்களித்தார். அவ்வாக்கும் முதலில் மூன்று மாதங்களுக்கே. அது முடிந்தபின் மீண்டும் புதுப்பித்து, பின்னரே வாழ்நாள் முழுவதற்குமாக ஆக்கினார். நாள்தோறும் திருப்பலி, நல்ல ஆன்மீக வழிகாட்டி, எளிய உழைப்பு ஆகியவற்றால் தம் நாள்களை வேலியிட்டுக் காத்து, 1925-இல் இறக்கும்வரை மதுவைத் தொடவில்லை. 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அவரும் சபதம் செய்தவரே. ஆனால் சபதத்தைத் தனியே விட்டுவைக்கவில்லை.

இரு குடிநோயாளர் சந்தித்தபோது

1935-ஆம் ஆண்டு மே மாதம். பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன் என்பவர் தொழில் காரியமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு வந்து தோல்வியுற்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தங்கியிருந்த விடுதியின் கூடத்தில் ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் தொலைபேசி. அன்று அவர் தொலைபேசியின் பக்கம் சென்றார். ஊரிலுள்ள குருமார் ஒருவரை அழைத்து, தம்முடன் பேச வேறொரு குடிகாரர் கிடைப்பாரா என்று விசாரித்தார். அவ்வாறு கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். சிறிது நேரம் பேசலாம் என்று அமர்ந்தவர்கள் பல மணி நேரம் பேசினர். பில் அவருக்கு அறிவுரை கூறவில்லை. தம் சொந்தக் கதையைக் கூறினார். அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் டாக்டர் பாப் இறுதியாகக் குடித்தார். அந்நாளையே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கின்றனர். ‘பெயர் கூறாத குடிநோயாளர்’ என்பது அதன் பொருள். நம் ஊரில் ‘ஏ.ஏ.’ என்றே வழங்குவர்.

அவ்வியக்கம் எந்த மதத்தையும் சார்ந்ததன்று. ஆயினும் அதன் தொட்டிலருகே ஒரு கத்தோலிக்கக் கன்னியர் நின்றார் என்பது நம் வாசகர்கள் அறியத்தக்கது. ஆக்ரன் நகர்ப் புனித தோமையார் மருத்துவமனையில் நோயாளரைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்த அருட்சகோதரி இக்னேசியா, எந்த மருத்துவமனையும் குடிநோயாளரைச் சேர்க்க விரும்பாத அந்நாளில், 1939-இல் டாக்டர் பாப் அனுப்பிய நோயாளரை இரைப்பை அழற்சி என்று பதிவேட்டில் எழுதிச் சேர்த்துக்கொண்டார். குணம்பெற்று வெளியேறுவோருக்குத் திரு இருதயச் சின்னம் ஒன்றைத் தருவார். மீண்டும் முதல் கோப்பையைத் தொட நினைத்தால், அதற்குமுன் இச்சின்னத்தைத் தம்மிடம் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது அவர் வாங்கிக்கொண்ட வாக்கு. குடிப்பதற்கு முன் ஒருவரைச் சந்திக்க வேண்டும். அத்தனை எளிய வேலி அது!

இந்தியாவில் ஏ.ஏ. 1957-இல் பம்பாயில் வேரூன்றிப் பின்னர்ச் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்குப் பரவியது. சென்னையின் தென்பகுதிக்குத் தனிச் சிறப்பும் உண்டு. தம் கணவர் டி. டி. ரங்கநாதன் 1979-இல் குடிநோயால் இறந்தபின், அத்துயரத்தோடு வீட்டில் ஒடுங்கிவிடாமல், திருமதி சாந்தி ரங்கநாதன் 1980-இல் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாற்றை அடுத்த இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதன் பயனே. நோயாளருக்குச் சிகிச்சை அளிப்பதோடு, குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்குவது அதன் முறை. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தம் வீட்டுத் துயரத்தை மறைக்காத ஒரு பெண்மணியால் எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது!

கூட்டத்தில் என்ன நடக்கிறது?

கூட்டத்திற்குப் போகச் சொன்னால் பலர் அஞ்சுகின்றனர். அங்கே திட்டுவார்களோ, பெயர் எழுதி வாங்குவார்களோ, பணம் கேட்பார்களோ என்று ஐயுறுகின்றனர். உண்மை இதுவே. ஒரு பள்ளி வகுப்பறையிலோ, கோவில் மண்டபத்திலோ, மருத்துவமனை அறையிலோ சில நாற்காலிகள் போடப்பட்டிருக்கும். பெரும்பாலும் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் நடைபெறும். தலைவர் ஒருவர் தொடங்கிவைப்பார். ஒருவர் எழுந்து தம் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கித் தம் கதையைக் கூறுவார். இடையில் எவரும் குறுக்கிடுவதில்லை. முடிந்தபின் எவரும் தீர்ப்பு வழங்குவதுமில்லை. பேச விரும்பாதவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கட்டணம் இல்லை. இறுதியில் ஒரு பை சுற்றிவரும். உறுப்பினர் இயன்றதை இடுவர். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. உறுப்பினராகத் தேவைப்படும் ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்னும் விருப்பம். அங்கே கண்டவர் யார், கேட்டது யாது என்பதை வெளியில் சொல்வதில்லை. இரயில்வே ஊழியரும் கட்டடத் தொழிலாளியும் கல்லூரி ஆசிரியரும் அருகருகே அமர்வதற்கு இவ்வொழுங்கே துணை.

கேட்பதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். வீட்டில் எல்லோரும் அவரிடம், ‘உமக்கு ஏன் புத்தியில்லை?’ என்கின்றனர். கூட்டத்தில் ஒருவர், ‘எனக்கும் அப்படித்தான் இருந்தது, இன்று ஐந்தாண்டாகக் குடிக்கவில்லை’ என்கிறார். முன்னது குத்துகிறது, பின்னது கைகொடுக்கிறது. ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. 27 ஆய்வுகளையும் 10,000-க்கு மேற்பட்டவர்களையும் உள்ளடக்கி, 2020-இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு, மதுவை முற்றிலும் விலக்கி வாழ்வதில் ஏ.ஏ. வழியும் அதனோடு இணைக்கும் சிகிச்சையும் பிற ஆலோசனைச் சிகிச்சைகளுக்கு ஒப்பாகவோ மேலாகவோ பயன் தருகின்றன என்று கண்டது.

பாவசங்கீர்த்தனம் இருக்க இக்கூட்டம் எதற்கு என்று சில பக்தியுள்ள குடும்பங்கள் வினவுவதுண்டு. மன்னிப்பு அருள்வது அருட்சாதனம். கால் முறிந்தவர் மன்னிப்புப் பெற்றபின்பும் ஊன்றுகோல் வேண்டும் அன்றோ? அமெரிக்க இயேசு சபைக் குரு எட்வர்ட் டவுலிங் 1940-இல் பில் வில்சனைத் தேடிச் சென்று சந்தித்தார். ஏ.ஏ. இயக்கத்தின் பன்னிரண்டு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமை அவரை ஈர்த்தது. கத்தோலிக்கர் அல்லாத பில், அதன்பின் இருபது ஆண்டுகள் அக்குருவைத் தம் ஆன்மீகத் துணையாகக் கொண்டார்.

எங்கே, எவ்வாறு தேடுவது?

முதலில் உடல்நிலையை நோக்க வேண்டும். நெடுநாளாக நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாள்களுக்குள் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம், இல்லாததைக் காணுதல் ஆகியவை தோன்றலாம். இது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அத்தகையோர் மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவையும், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையையும் இதற்காக அணுகலாம்.

இரண்டாவது எச்சரிக்கை. குடியை நிறுத்தும் மாத்திரை அல்லது பொடி என்று எதையேனும் வாங்கி, கணவருக்குத் தெரியாமல் இரசத்திலும் குழம்பிலும் கலந்துவிடும் வழக்கம் உண்டு. டைசல்பிரம் என்னும் அம்மருந்து உடலில் இருக்கும்போது அவர் குடித்தால், இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும். அவர் அறிந்து, ஒப்பி, மருத்துவர் தந்தாலன்றி அதனைக் கொடுக்கலாகாது. அவ்வாறே, அடைத்துவைத்து அடிக்கும் இல்லங்களுக்கு அனுப்பவேண்டா. ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்ப்பதற்குமுன், 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று கேளுங்கள்.

கூட்டத்தைக் கண்டறிய வழிகள் பல. சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையின் சமூகநலப் பணியாளரைக் கேட்கலாம். 14446 என்னும் கட்டணமற்ற தேசியப் போதைமீட்பு உதவி எண்ணை அழைக்கலாம். பங்குத் தந்தையிடம் தனியே கேட்கலாம். கேட்கும்போது ஐந்து செய்திகளைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: எந்த நாள், எந்த மணி, தமிழிலா, ஆங்கிலத்திலா, எந்த இரயில் நிலையத்திற்கு அருகில், திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டத்திற்கு மனைவியும் உறவினரும் உடன் செல்லலாம். மூடிய கூட்டம் குடிப்பழக்கத்தால் துன்புறுவோருக்கு மட்டுமே.

தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சுவோருக்கு நம் புறநகர் இரயிலே உதவி. தாம்பரத்தில் இருப்பவர் பல்லாவரத்திற்கோ, பரங்கிமலையில் இருப்பவர் வேறிடத்திற்கோ செல்லலாம். ஆனால் ஒன்று: தெரிந்தவர் அங்கே இருந்தால், அவரும் அதே காரணத்திற்காகவே வந்திருப்பார்! வேலைமுடிந்து திரும்பும் நேரத்தில், வழியிலேயே இறங்கிச் செல்லக்கூடிய கூட்டம் மிகவும் நல்லது. கடைக்குக் கால் இழுக்கும் வேளையும் அதுவே அன்றோ?

ஒரே கூட்டத்தோடு முடிவு செய்துவிடவேண்டா. முதல் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்பது அனுபவம் வாய்ந்தோர் பலர் கூறும் அறிவுரை. இயலாதவர் இயன்றவரை செல்லட்டும். சில வாரங்களில், நெடுநாள் தெளிவில் நிலைத்த ஒருவரைத் தமக்கு வழித்துணையாகக் கொள்ளலாம். நள்ளிரவில் தாகம் எழுந்தால் அழைக்க ஓர் எண் இருக்கும். இடையில் சறுக்கினால் அதுவே முடிவு என்று கருதாமல், மறுநாளே திரும்பிச் செல்ல வேண்டும்.

வீட்டாருக்கும் ஒரு நாற்காலி

அவர் வர மறுத்தால்? அப்போதும் குடும்பம் செல்லலாம். பில் வில்சனின் மனைவி லோயிஸ் முதலானோர் 1951-இல் ‘அல்-அனான்’ என்னும் குடும்பக் குழுக்களை ஒருங்கிணைத்தனர். 1957-இல் வளரிளம் பிள்ளைகளுக்கெனவும் ஒரு பிரிவு பிறந்தது. அங்கே மனைவியும் தாயும் கற்கும் முதற்பாடம், இந்நோயைத் தாம் உண்டாக்கவில்லை, தம் கண்ணீரால் அடக்கவும் குணமாக்கவும் இயலாது என்பதே. எத்தனை பெண்களின் நெஞ்சிலிருந்து இப்பாடம் பாறையை அகற்றியிருக்கிறது!

இரண்டாவது பாடம் கடினமானது. அலுவலகத்திற்குத் தொலைபேசி செய்து, ‘அவருக்குக் காய்ச்சல்’ என்று சொல்வது. அவர் பட்ட கடனைத் தாய் தன் வளையலை அடகுவைத்து அடைப்பது. உறவினர் வரும்போது அவரை உள்ளறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்துவது. இவையெல்லாம் அன்பினால் செய்யப்படுவனவே. ஆயினும் நோயின் விளைவுகளை நோயாளர் காணாதபடி இவை திரையிடுகின்றன. போதையில் இருக்கும்போது வாதாட வேண்டா. காலையில் தெளிந்திருக்கும்போது, பழிக்காமல், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் எழுதிக் கையில் கொடுங்கள்.

அடியைப் பொறுத்துக்கொள்வது புண்ணியம் என்று மட்டும் எவரும் எண்ணலாகாது. பெண்களுக்கான 181 என்னும் உதவி எண்ணும், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் அதற்காகவே இருக்கின்றன. தன்னையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்ளும் தாய் திருமண வாக்கை மீறுவதில்லை.

பங்கு செய்யக்கூடியது

கப்பர்நாகூமில் திமிர்வாதக்காரரை நால்வர் சுமந்து வந்தனர். வாசலில் வழியில்லாததால் கூரையைப் பிரித்து இறக்கினர். ஆண்டவர் நோக்கியது சுமந்தவர்களின் விசுவாசத்தையும் அன்றோ! நம் பங்கிலும் அத்தகைய நால்வர் தேவை. வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் வீடுகளைச் சந்திக்கும்போது, அரிசியோடும் செபமாலையோடும் இந்தச் செய்தியையும் எடுத்துச் செல்லலாம். மண்டபத்தில் ஓர் அறையை வாரம் ஒரு மாலை இத்தகைய குழுவுக்குத் திறந்துவிடலாம். அறிவிப்புப் பலகையில் இடமும் நேரமும் எழுதிவைக்கலாம். திருமண விருந்திலும் ஞானஸ்நான விருந்திலும் மது பரிமாறும் வழக்கத்தைக் கைவிடலாம். குடியை விட்டவர் ஒருவர் அங்கே அச்சமின்றி உண்டு திரும்புவார்.

இவ்விதழ் உங்கள் கையில் இருக்கும் இவ்வேளையில், நம் பங்கின் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெண் வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறாள். அவளிடம் போய், ‘உன் வீட்டில் நடப்பது எங்களுக்குத் தெரியும்’ என்று சொல்லாதீர்கள். ‘வியாழக்கிழமை மாலை நான் உன்னோடு வருகிறேன்’ என்று சொல்லுங்கள். ஒருவர் உடன் வந்தால், மிகத் தொலைவான கூட்டமும் அருகில்தான் இருக்கிறது.